சோனாப்பூரில் ஒரு வேப்பமரம்

பம்பாய்க்குப் பிழைக்கப் போன எங்கள் ஊர்க்காரர்களிடையே அந்நாளில் ஒரு வழக்கு இருந்தது. ஒருவர் வபாத்தாகிவிட்டால் இறந்துவிட்டார் என்று சொல்லமாட்டார்கள். 'சோனாப்பூர் போய்விட்டார்' என்பார்கள். ஹிந்துஸ்தானியில் 'சோனா' என்றால் பொன். உறங்குவதற்கும் அதே சொல்தான். பொன்னூர் என்றும் கொள்ளலாம், உறங்கும் ஊர் என்றும் கொள்ளலாம். சிறுவனாக இருந்த நான் பொன்னூர் என்றே கொண்டிருந்தேன். விடுப்பில் வந்த பம்பாய்க்காரர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, இன்னார் சோனாப்பூர் போய்விட்டார் எனக் குரல் தாழ்த்திச் சொல்லும்போதெல்லாம், பம்பாயைக் காட்டிலும் செல்வம் மிகுந்த ஊர் ஒன்று அதற்கப்பால் இருக்கிறது போலும், நம் வாப்பாவும் ஒருநாள் அங்கே போவார், அவருடைய சம்பளமும் கூடும் என்று எண்ணிக்கொண்டதுண்டு.

1974 ஜூலையில் அவர் போனார்.

நல் பஜாருக்கு அருகே ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் வாப்பா. மூன்று நாள் காய்ச்சல். தந்தி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவர் மண்ணுக்குள் போய் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தன. உடலை ஊருக்குக் கொண்டுவந்திருக்கலாமே என்று அக்கம்பக்கத்தில் யாரோ கேட்டார்கள். தாமிரபரணிக் கரைக்கும் பம்பாய்க்கும் இடையே இரண்டு இரவு ரயில் பயணம், அடைமழைக் காலம், தோல் மண்டிக் கணக்கப்பிள்ளைக்குப் பனிக்கட்டிப் பெட்டி யார் தருவார்? அதுவன்றியும், ஷாபிஈ மத்ஹபில் இறந்தவரை வேற்றூருக்குத் தூக்கிச் செல்வது விரும்பத்தக்கதன்று; மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் ஆகியவற்றின் அண்மையில் இறந்தவருக்கே அந்தச் சலுகை. பயணத்தில் இறந்தவனுக்கு அந்த ஊரே சொந்த ஊர். எங்கள் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழுதார்கள். எதிரே சந்தூக்கு இல்லாத ஜனாஸாத் தொழுகையை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். பதினோரு வயது எனக்கு. எல்லோரும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உம்மா இத்தாவில் இருந்தார். நாற்பதாம் நாளையொட்டி, வாப்பாவுடன் ஒரே அறையில் தங்கியிருந்த ஊர்க்காரர் ஒருவர் அவருடைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு கைலி, ஒரு தொப்பி, மூக்குக் கண்ணாடி, பாதி எழுதிய கடிதம் ஒன்று. உம்மா திரைக்கு அப்பாலிருந்தபடி பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எங்கே வச்சீங்க, காக்கா?"

"பெரிய கபுருஸ்தான்லதான், தங்கச்சி. மெரைன் லைன்ஸ் ஸ்டேஷனுக்கு எதுக்க."

"தலைமாட்டுல என்ன இருக்கு?"

அந்த மனிதர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "மழைம்மா. குழி வெட்ட வெட்டத் தண்ணி ஊறிக்கிட்டே வந்துச்சு. பலகை போட்டு மூடினோம்."

உம்மாவின் கேள்வியை எங்கள் பக்கத்து வாசகர்கள் உடனே அறிந்துகொள்வார்கள். எங்கள் ஊர் மையவாடியில் மீஸான் கட்டை நடாத கபுரு உண்டு. பசுங்கொம்பு ஊன்றாத கபுரு கிடையாது. இரண்டு கபுருகளின் மேல் பேரீச்ச மட்டையைப் பிளந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊன்றிய செய்தியை ஆதாரமாகக் காட்டுவார்கள் பெரியவர்கள். அது எல்லோருக்கும் பொருந்துமா என்று ஆலிம்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். கணவனின் தலைமாட்டில் பச்சை ஏதேனும் உண்டா என்பதே உம்மா அறிய விரும்பியது.

நான் பம்பாய்க்குப் போனது 1981 ஜூனில். மண்டியில் வாப்பாவுக்கு வரவேண்டியிருந்த பழைய பாக்கியைக் கேட்கவும், முடிந்தால் ஒரு வேலை தேடிக்கொள்ளவும். ஊரிலிருந்து புறப்படும்போது உம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "உங்க வாப்பாவைப் பார்த்துட்டு வா, தம்பி." உயிரோடு இருப்பவரைப் பார்த்து வரச் சொல்வது போலவே இருந்தது.

மழை தொடங்கிய வாரம். பராஅத்துக்கு முந்திய பகல். மெரைன் லைன்ஸ் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பெரிய கபுருஸ்தானின் சுவர் எதிரே நிற்கிறது. அதை ஒட்டினாற்போல் ஹிந்துக்களின் சந்தன்வாடிச் சுடுகாடு. இந்தப் பகுதிக்குத்தான் சோனாப்பூர் என்று பெயர் வழங்கிற்று. கிறிஸ்தவர்களின் பழைய இடுகாடும் ஒரு காலத்தில் இங்கேயே இருந்தது. 1860களில் சிவ்ரியில் புதிய இடம் ஏற்பட்டபின் அவர்கள் அங்கே போய்விட்டார்கள். அந்நாளில் இது ஊருக்கு வெளியே, பேக் பே கடற்கரை மணலை அடுத்துக் கிடந்த நிலம். மூன்று மார்க்கத்தாரும் தங்கள் இறந்தோரைக் கடலோரமாகக் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு ரயில் பாதை வந்தது; கடலைத் தூர்த்துச் சாலையும் மாளிகைகளும் எழுந்தன. அலை பின்வாங்கிப் போயிற்று. ஊர் முன்வந்து கபுருஸ்தானைச் சூழ்ந்துகொண்டது. நான் போனபோது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையேனும் மின்சார ரயில் அதன் எதிரே ஓலமிட்டுக்கொண்டு போயிற்று.

உள்ளே திருவிழா போன்ற கூட்டம். அன்றிரவுக்காகக் கபுருகளைச் சுத்தம் செய்து, புதுமண் இட்டு, ரோஜா இதழ் தூவி, ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். குல்லாய் அணிந்த சிறுவர்கள் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஒவ்வொருவரும் ஓர் இடத்தை அறிந்து அதனருகே குந்தியிருந்தனர். எனக்குத்தான் எங்கே குந்துவது என்று தெரியவில்லை.

அலுவலறையில் இருந்த முன்ஷி என்னை ஏறிட்டும் பாராமல் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார். ஒரு மாதத்துக்கு முன்புதான், மே 3ஆம் நாள், நடிகை நர்கிஸ் காலமாகி அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தார். 'மதர் இந்தியா'வை எடுத்த மஹ்பூப் கான் 1964லேயே அங்கே வந்துவிட்டவர். நர்கிஸின் கபுரைத் தேடி வரும் வெளியூர்க்காரர்களுள் நானும் ஒருவன் என்று முன்ஷி எண்ணிவிட்டார். என் அரைகுறை உருதுவில், என் தகப்பனாரைத் தேடி வந்திருக்கிறேன் என்றேன். அதன்பின்தான் என் முகத்தைப் பார்த்தார். ஆண்டைக் கேட்டார், மாதத்தைக் கேட்டார். பழைய பதிவேடு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். வாப்பாவின் பெயர் இருந்தது. பெயருக்கு எதிரே வயது, நோய், தேதி. மதராஸி என்று ஒரு குறிப்பு. எழுத்து அழகாகவே இருந்தது.

ஒரு குழிவெட்டும் முதியவரை அழைத்து என்னை அவருடன் அனுப்பினார். அவர் சேற்றில் கால் வைத்து முன்னே நடந்தார். ஓரிடத்தில் நின்று, இந்த வரிசை என்றார். எது என்று கேட்டேன். அந்த வரிசை என்று மீண்டும் சொன்னார். புரியாமல் நின்ற என்னிடம், கடுமை சிறிதுமின்றி, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவரைப் போல விளக்கினார். ஒரு குழியில் ஒருவர் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இருப்பார். அதற்குள் இந்த ஈர மண் தன் வேலையை முடித்துவிடும். பிறகு அதே இடத்தில் இன்னொருவர். எலும்பு ஏதும் தட்டுப்பட்டால் ஓரமாக ஒதுக்கி மண்ணிட்டு மூடிவிட்டுப் புதியவரை வைப்போம். 1974 என்றால் உங்கள் தகப்பனாருக்கு மேல் நான்கு பேராவது வந்திருப்பார்கள்.

அவர் காட்டிய இடத்தில் ஒரு பெண்மணியும் இரண்டு குழந்தைகளும் அமர்ந்து புதுமண்ணில் பூத் தூவிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுடைய கபுரு. நான் சற்றுத் தள்ளி நின்றே யாசீன் ஓதினேன். பாதியில் மழை வலுத்தது. அந்தப் பெண்மணி தன் பிள்ளைகளுடன் குடைக்குள் ஒடுங்கி, என்னையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரோ தம்முடையவருக்காக ஓதுகிறார் என்று எண்ணியிருக்கக்கூடும். அப்படி எண்ணியிருந்தாலும் தவறில்லை.

இதில் மார்க்க விரோதம் ஏதும் இல்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். ஏனெனில் இச்செய்தியை நான் சொல்லக் கேட்ட ஊர்க்காரர் சிலர் கபுருஸ்தான்காரர்கள் மேல் சினங்கொண்டதுண்டு. இமாம் நவவி அவர்கள் தம் 'அல்மஜ்மூஃ'வில் இதைத் தெளிவாகவே பேசுகிறார்கள். உடல் மக்குமுன் கபுரைத் தோண்டுதல் கூடாது. மக்கி மண்ணோடு மண்ணானபின் அங்கே மற்றொருவரை அடக்கலாம். எவ்வளவு காலத்தில் மக்கும் என்பதை அந்தந்த மண்ணை அறிந்த அனுபவசாலிகளிடம் கேட்கவேண்டும். பொதுமக்களுக்கென விடப்பட்ட மையவாடியில் கபுரின்மேல் கட்டடம் எழுப்பலாகாது என்பதும் அதே சட்டத்தின் இன்னொரு பக்கமே. அவன் கட்டிய சுவர், பின்னே வருபவனுக்குரிய ஆறடியைப் பறித்துக்கொள்கிறது அல்லவா? அந்தக் குழிவெட்டும் முதியவர் கித்தாபு ஓதியவராகத் தோன்றவில்லை. ஆனால் இமாம் அவர்கள் குறிப்பிட்ட அனுபவசாலி அவரே.

சட்டம் அப்படி இருக்க, இன்னொரு செய்தியும் இருக்கிறது. முஹாஜிர்களுள் முதலாமவராக பகீயில் அடக்கம் செய்யப்பட்டவர் உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி). அடக்கம் முடிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு கல்லை எடுத்துவரப் பணித்தார்கள். ஏவப்பட்டவரால் அதைத் தூக்க முடியவில்லை. பெருமானார் அவர்களே எழுந்து, சட்டைக் கைகளைச் சுருட்டிக்கொண்டு, அதைச் சுமந்துவந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கபுரை அடையாளம் காணவும், தம் குடும்பத்தார் இறந்தால் அவரருகே அடக்கவும் அந்தக் கல் என்று காரணமும் சொன்னார்கள். கபுரின்மேல் காரை பூசுவதையும் கட்டுவதையும் தடுத்த அதே கரங்கள்தான் ஓர் அடையாளத்துக்காகக் கல் சுமந்தன. உம்மா கேட்டதும் அவ்வளவே. மாளிகை கேட்கவில்லை, ஓர் அடையாளம் கேட்டார்.

பம்பாய் அதைத் தர இயலாத ஊர். ஏழு தீவுகளை இட்டு நிரப்பி ஒன்றாக்கிய அந்த நிலத்தில் உயிரோடிருப்பவர்களே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிக் குடியிருக்கிறார்கள். இறந்தோருக்கு மட்டும் தனித்தனி மனை எங்கிருந்து வரும்? இது நம்மவர்க்கு மட்டும் உள்ள இடுக்கண் அன்று. அங்குள்ள கத்தோலிக்கர்கள் தங்கள் இறந்தோரை ஏறக்குறைய இரண்டாண்டுகள் மண்ணில் வைத்திருந்து, பின்னர் எலும்புகளை எடுத்துச் சுவரில் அமைந்த சிறு மாடங்களில் சேர்த்துவிடுகின்றனர். மலபார் ஹில்லில் உள்ள பார்ஸிகளின் மௌன கோபுரங்களுக்கோ வேறு வகைத் தட்டுப்பாடு: கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து 1990களிலிருந்து நாட்டின் கழுகுகளைக் கொன்று தீர்த்தது, உடலை உண்ணப் பறவை இல்லை. தகனத்தை ஏற்றுக்கொண்ட பார்ஸிகளுக்காக வொர்லியில் 2015இல் ஒரு பிரார்த்தனை மண்டபமே திறக்கவேண்டியதாயிற்று.

ஆனால் எல்லோரும் ஒன்றரை ஆண்டுக் குடிகளா என்றால், அதுவும் இல்லை. பெரிய கபுருஸ்தானிலேயே சில குடும்பங்களுக்கென மேடை கட்டி ஒதுக்கிய இடங்கள் உண்டு, 'ஓட்டா' என்பார்கள். பாட்டனும் பேரனும் அங்கே ஒரே குடும்பமாகப் படுத்திருப்பர். 1981இல் அவற்றைக் கடந்துவந்தபோது எனக்கு எரிச்சலே மூண்டது. மஹ்ஷரில் எல்லோரும் ஒன்று என்கிறோம். அங்கே எழும்வரை படுத்திருக்கும் இடத்தில் மட்டும் மண்டி முதலாளிக்கு நிரந்தரம், அவருடைய கணக்கப்பிள்ளைக்குத் தவணை. இன்று அவ்வளவு எரிச்சல் இல்லை. இருந்தாலும் அது சரி என்று என்னால் சொல்ல இயலவில்லை. மஸ்காவில் உள்ள கோஜா இஸ்னா அஷரி கபுருஸ்தானில் 1929இல் அடக்கப்பட்ட ரத்தி ஜின்னாவுக்குப் பளிங்குக் கபுரு இருக்கிறது. எல்லை பிரிந்தபின் கணவருக்குக் கராச்சியில் வெண்பளிங்கு மாளிகையே இருக்கிறது. பளிங்கு இருந்தும் அவர்கள் அருகருகே இல்லை என்பது வேறு விஷயம்.

ஊர் திரும்பியதும் உம்மா கேட்டார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்மா."

"தலைமாட்டுல என்ன இருக்கு?"

ரயிலில் இரண்டு இரவும் இதற்கு விடை தேடிக்கொண்டு வந்திருந்தேன். உண்மையைச் சொல்வதென்றே தீர்மானித்தும் இருந்தேன். இமாம் நவவியை அப்போது நான் அறியேன். அறிந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் என் வாய், "வேப்பமரம்மா. பெரிசா நிழல் கொடுத்துக்கிட்டு நிக்குது" என்று சொல்லிவிட்டது.

பொய் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பராஅத்துக்கும் உம்மா அந்த மரத்தை விசாரிப்பார். இங்கே வேம்பு பூக்கும் மாதத்தில், அங்கேயும் பூத்திருக்குமா, உப்புக் காற்றில் பூ தங்குமா என்பார். அந்தப் பக்கம் யாரேனும் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஐந்து ரூபாயைக் கொடுத்தனுப்புவார். நான் தெருமுனையில் அவர்களை மறித்து உண்மையைச் சொல்லிவிடுவேன். அவர்களும் திரும்பி வந்து, ஊற்றிவிட்டோம் என்பார்கள். இவ்வாறு என் பொய்க்கு ஊரில் பாதிப்பேர் சாட்சியானார்கள். 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பம்பாய் பற்றி எரிந்தபோது, நாங்களெல்லாம் அங்கிருந்த உறவினர்களைப் பற்றிப் பதறிக்கொண்டிருக்க, உம்மா என்னைத் தனியே அழைத்து, "மரத்தை வெட்டியிருப்பாங்களா தம்பி?" என்று கேட்டார். 1995இல் ஊரின் பெயர் மும்பை என்று மாறியபோது, பேரை மாத்திட்டா நம்மாளை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று சிரித்தார்.

1997இல் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. உம்மாவை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டிவிடுவது என்றும், போகும் வழியில் ரயிலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றும் துணிந்து, புறப்படுமாறு சொன்னேன். பெண்கள் கபுருஸ்தானுக்குப் போகலாமா என்ற தர்க்கம் எங்கள் ஊரில் உண்டு. அதைக் காரணம் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காட்டவில்லை. சற்று யோசித்துவிட்டு, "நீதான் பார்த்துட்டு வந்தியே, அது போதும்" என்றார். ஏன் மறுத்தார் என்பதை இன்றளவும் நான் அறியேன். அப்போது எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அந்த நிம்மதிக்காக நான் பலமுறை தவ்பாச் செய்திருக்கிறேன்.

2003இல் உம்மா வபாத்தானார். எங்கள் ஊர் மையவாடியில், ஆற்றங்கரைப் பக்கமாக இடம் கிடைத்தது. தலைமாட்டில் ஒரு வேப்பங்கன்றை நட்டேன். அது பிழைக்கவில்லை, மறுமுறை நட்டது பிழைத்தது.

2010இல் ஒரு செய்தியைப் பத்திரிகையில் கண்டேன். ஜுஹூ கபுருஸ்தானில் 1969இல் அடக்கப்பட்ட மதுபாலா, 1980இல் அடக்கப்பட்ட முஹம்மத் ரஃபீ, அதே ஆண்டில் அடக்கப்பட்ட கவிஞர் சாஹிர் லுதியான்வி ஆகியோரின் கபுருகள், புதிதாக வருவோர்க்கு இடம் வேண்டி அகற்றப்பட்டனவாம். நாடெங்கும் பலர் கொதித்தார்கள். எனக்குக் கொதிப்பு வரவில்லை. வாப்பாவுக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்தது. கணக்கப்பிள்ளைக்கும் பாடகருக்கும் ஒரே நியாயம் என்ற அளவில் ஒரு திருப்திகூட உண்டாயிற்று. ஆனால் அச்செய்தியின் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. டிசம்பர் 24ஆம் நாள் பிறந்த நாளுக்கும் ஜூலை 31ஆம் நாள் நினைவு நாளுக்கும் தவறாமல் வரும் ரஃபீயின் அன்பர்கள், கபுரு போனபின், அதற்கு மிக அண்மையில் நிற்கும் ஒரு தென்னைமரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு இடத்தைக் கண்டுகொள்கிறார்களாம். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடையாளம் இருக்கட்டும், மண்ணே கிடைக்குமா என்ற கேள்வி 2020இல் வந்தது. மார்ச் 30ஆம் நாள், கோவிட் நோயால் இறந்தோர் எம்மதத்தினராயினும் எரிக்கப்படவேண்டும் என்று மும்பை மாநகராட்சி ஆணை பிறப்பித்தது. எதிர்ப்பு எழவே, அன்றே அதைத் திருத்தி, பெரிய இடுகாடுகளில் அடக்கலாம் என்றது. பாந்த்ராவில் அடக்குவதைத் தடுக்கக் கோரிய வழக்கை மே மாதத்தில் பம்பாய் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கண்ணியமான அடக்கம் வாழ்வுரிமையில் அடங்கியது என்றும் சொல்லிற்று. கடலுக்கு அப்பால் இலங்கையில் நம் சகோதரர்களுக்கு அந்த நியாயம் கிடைக்க 2021 மார்ச் ஆயிற்று. அதுவரை எரிக்கப்பட்டவர்கள் போக, எஞ்சியோரை ஓட்டமாவடியில் கொண்டுபோய் அடக்கினார்கள். அந்த மாதங்களில்தான் முதன்முறையாக எண்ணிப் பார்த்தேன்: சேறாயினும், ஒன்றரை ஆண்டே ஆயினும், வாப்பாவுக்கு அந்த மண் கிடைத்திருந்தது, தோளில் சுமக்க நான்கு ஊர்க்காரர்கள் இருந்தார்கள்.

சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்காக மும்பை போயிருந்தபோது மெரைன் லைன்ஸில் இறங்கினேன். சுவர் அப்படியே இருக்கிறது. உள்ளே மரங்கள் இருக்கின்றன. எது என்ன மரம் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயன்றேன் என்பதே சரி. கபுராளிகளுக்கு ஸலாம் சொல்லிவிட்டு ஓர் ஓரமாக நின்று யாசீன் ஓதினேன். முடிக்கும் தறுவாயில், மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி ஓர் இளைஞர் அருகே வந்தார். உங்களவர் யார் இங்கே என்று மரியாதையாகக் கேட்டார்.

தகப்பனார் என்றேன்.

எந்த இடம் என்றார்.

கையை நீட்டி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு, என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். நான் நின்ற இடத்தில் அஸருக்குள் ஒரு குழி தயாராகவேண்டும். ஜனாஸா நாக்பாடாவிலிருந்து புறப்பட்டுவிட்டது என்றார்.